ஓய்வில் இருக்கும் இடது முழங்கால்

லிஃப்ட்காரர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வலிக்கிறதா என்று கேட்ட ஆளிடம் ஆமாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

போன வருடப் பந்தயம் அது. இருபத்தோரு கிலோமீட்டர். பதினெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை. வலது முழங்காலைப் பிடித்தபடி நொண்டி வந்தவரின் எதிரே அட்டையும் பேனாவுமாக ஒருவர் வந்து நின்றார். நெடுந்தூர ஓட்டப் பேரவையின் ஊழியர். ஓடுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் படிவக்காரர். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

“வலிக்குதாண்ணே?”

“ஆமாங்க. லேசா.”

“லேசா இருந்தாலும் பரவாயில்ல. சின்னப் படிவம். உங்க நல்லதுக்குத்தான்.”

பெற்ற பிள்ளைகூட அப்படி விசாரித்திருக்காது. லிஃப்ட்காரர் மனம் நெகிழ்ந்து கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு எட்டு மாதம் ஓட்டம் இல்லை. ஐஸ் பை, ரப்பர் பட்டை, சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்காருவது. லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடங்களில் மோட்டார் அறைக்குப் படியேறும்போதெல்லாம் முழங்கால் முனகியது. பிசியோ அம்மா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. எட்டாவது மாதக் கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்.

“குதிங்க. ஒத்தக் கால்ல. இன்னும். இன்னும். சரி, போயிடுங்க. இனிமே உங்கள இங்க பார்க்கக் கூடாது.”

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. லிஃப்ட்காரரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாளைக்கு அறுபது பேர் கையில் ஊசியைக் குத்தி, அறுபது பேரிடமும் “வலிக்காது” என்று சொல்வது அவள் உத்தியோகம். கணவர் படுத்த பிறகும் கடிகாரம் காலை ஐந்துக்கு அடித்துக்கொண்டே இருந்தது. “யாராவது ஒருத்தர் எழுந்தா அது சும்மா கிடக்கும்” என்று ஒருநாள் எழுந்து நடக்கப் போனாள். அடுத்த மாதம் ஓடினாள். அதற்கடுத்த மாதம் லிஃப்ட்காரர் பூங்கா பெஞ்சில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, தன் காலணியைவிட நல்ல காலணி அணிந்து மனைவி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையும் பொறாமையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

இந்த வருடம் அவளுக்கு முதல் பந்தயம். பயிற்சியில் பதினெட்டு வரை ஓடியிருக்கிறாள்.

“பதினெட்டு வரைக்கும் என் பாடு” என்றாள். “அதுக்கப்புறம் மூணு கிலோமீட்டர் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நீங்க பக்கத்துல ஓடி வரணும்.”

“வர்றேன்.”

“பேசக் கூடாது.”

“பேசல.”

“மூச்சு விடுங்க, கணக்கு வைங்க, தோளத் தளர்த்துங்கன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“ஒரு வார்த்தை வராது. சத்தியம்.”

பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லிஃப்ட்காரர் மார்பு எண் வாங்கப் பேரவைக் கட்டடத்துக்குப் போனார்.

கீழ்த்தளத்தில் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அதே கனிவு முகம். படிவக்காரர் கணினியைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

“உங்களுக்கு எண் கிடையாதுண்ணே. உங்க இடது முழங்கால் ஓய்வுல இருக்கு.”

“எனக்கு அடிபட்டது வலது.”

“பதிவுல இடது.”

“எப்படிங்க?”

“நான் உங்களுக்கு எதிர்ல நின்னுல்ல எழுதினேன். என் பக்கத்துலருந்து பார்த்தா இடது.”

லிஃப்ட்காரர் குனிந்து தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஆனா கால் என்னோடதுங்களே.”

“கால் உங்களோடது. பதிவு பேரவையோடது.”

“எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறீங்களா?”

“பதினாறு வருஷமா. ஒருத்தர் குறை சொன்னதில்ல.”

“குணமாகித் திரும்பி வந்தவங்க யாரும் சொல்லலியா?”

படிவக்காரர் யோசித்தார். அப்படி ஒரு கோணத்தில் அவர் இதுவரை யோசித்ததில்லை என்பது தெரிந்தது. “திரும்பி யாரும் வரலியே” என்றார்.

வழி ஒன்று இருந்தது. மீள்வருகைக் குழு. நாலாவது மாடியில் கூடும். அங்கேதான் பதிவேடு இருக்கிறது. விதிப்படி வேறெங்கும் கூடக் கூடாது. லிஃப்ட்காரர் படியை நோக்கித் திரும்பினார்.

“ஏறிடாதீங்க” என்று படிவக்காரர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினார். “ஓய்வுல இருக்கற முழங்கால் படி ஏறினா விதிமீறல். இன்னும் ஆறு மாசம் சேர்ந்துடும்.”

“பின்ன எப்படிப் போறது?”

“லிஃப்ட்ல.”

லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது. எழுத்து வெளுத்திருந்தது. அட்டைக்குக் கீழே ஏழு நாற்காலிகள். ஏழு நாற்காலிகளிலும் ஏழு பேர்.

“அவங்க யாரு?”

“அவங்கதான் குழு” என்றார் படிவக்காரர். “மூணு வருஷமா லிஃப்டுக்குக் காத்திட்டிருக்காங்க.”

குழுவில் சேர அடிப்படைத் தகுதி, ஓய்வுப் பட்டியலில் இருப்பது. தலைவரின் முழங்கால் பதினோரு வருடமாக ஓய்வில் இருந்தது. செயலாளருக்கு இரண்டுமே ஒன்பது வருடம். ஆகவே எழுவரில் ஒருவரும் படியேறக் கூடாது. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து தினமும் காலையில் வந்து, வரிசையாக உட்கார்ந்து, வருகைத் தாளில் கையெழுத்திட்டு, மாலையில் “இன்று கூட்டம் நடைபெறவில்லை” என்று குறிப்பெழுதிக் கலைந்துபோனார்கள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட ஒருவர்கூட மட்டம் போட்டதில்லை.

லிஃப்ட்காரருக்குக் கை அரித்தது. பழுதான லிஃப்டைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியாது. பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கதவை விலக்கினார். கதவு முழுசாக மூடியதென்று மோட்டாருக்குச் சேதி சொல்லும் இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே ஒரு குண்டூசி சிக்கிக் கிடந்தது. பேரவையின் காகிதக் குண்டூசி. எடுத்தார். துடைத்தார். லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே வந்து நின்றது.

எழுவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

லிஃப்ட்காரர் வழக்கப்படி உள்ளே ஒரு சீட்டை ஒட்டினார். ‘அதிகபட்சம் ஆறு பேர். அவசரத்துக்கு அழைக்க’ என்று தன் கைபேசி எண். அங்கேதான் முதல் சச்சரவு. ஏழாவது ஆள் யார்? பதவி வரிசைப்படி துணைச் செயலாளரைக் கீழே நிறுத்திவிட்டு ஆறு பேர் ஏறினார்கள். இரண்டாவது நடையில் தனியாக வந்த துணைச் செயலாளர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மேலே போன உடனே பதவி விலகல் கடிதம் எழுதினார். அவரைச் சமாதானப்படுத்த, மூன்று வருடம் கழித்துக் கூடிய குழு போட்ட முதல் தீர்மானம், இனி எழுவரும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவார்கள் என்பது.

“ஐயா, லிஃப்ட் தாங்காது” என்றார் லிஃப்ட்காரர்.

“தீர்மானம் ஏகமனதானது” என்றார் செயலாளர்.

இரண்டாவது தீர்மானம் லிஃப்ட்காரரைப் பற்றியது. தலைவர் எழுந்தார். அவருக்கு எதிரில் இருந்தது ஒரே ஒரு ஆள். பேசியது ஆயிரம் பேருக்கு.

“ஓடுபவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடுவதற்குக் கால் இருந்தால் போதும். ஓடாமல் இருப்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும். பதினாறு ஆண்டுகளில் நாலாயிரத்து முந்நூறு பேரை ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, மறுபடி ஓட்டத்தில் அடிபடவில்லை. எந்த மருத்துவமனையாவது இப்படிச் சாதித்துக் காட்டட்டும்.”

ஆறு பேர் கைதட்டினார்கள். ஏழாவதாக ஒரு கைதட்டல் கேட்டது. அது தலைவருடையது.

“உங்கள் இடது முழங்கால் குணமானதற்குச் சான்றிதழ் கொண்டுவாருங்கள்” என்றார் செயலாளர். “பார்க்கலாம்.”

மறுநாள் பிசியோ அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

“இல்லாத வியாதி குணமாயிடுச்சுன்னு எழுதணுமா? என் கை எழுதாது.” எழுதியது இதுதான்: இவருடைய இடது முழங்காலில் எந்தக் குறையும் இல்லை, இருந்ததும் இல்லை.

குழு அதை மூன்று நாள் படித்தது.

“‘இருந்ததும் இல்லை’ என்றால் எங்கள் ஊழியர் பொய் எழுதினார் என்று அர்த்தமா?” என்று கேட்டார் செயலாளர். “குணமாவது என்றால் என்ன? முதலில் கெட்டிருக்க வேண்டும். கெடாத முழங்கால் எப்படி ஐயா குணமாகும்? உங்கள் மேல் எங்களுக்கு விரோதம் இல்லை. இடது காலில் முறையாக அடிபட்டுக்கொண்டு வாருங்கள். ஓய்வு கொடுப்போம். பிறகு குணமாகலாம். வரிசையாகத்தான் போக வேண்டும்.”

அன்று வீட்டில் லிஃப்ட்காரரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். குழாயை இறுக்கினார். நன்றாக இருந்த கதவுக் கொண்டியைக் கழற்றி மாட்டினார்.

“எண் இல்லாமலே வந்துடட்டுமா?”

மனைவி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டக்காரர்கள் கால் நகத்தை ஒட்ட வெட்டுவார்கள். “விதியப் படிச்சேன்” என்றாள். “பட்டியல்ல இருக்கறவங்க பக்கத்துல ஓடினா, பாதையக் காவல் காக்கற சிவப்புச் சட்டைக்காரங்க ரெண்டு பேரையும் வெளிய எடுத்துடுவாங்க. என்னையும் சேர்த்து.”

“அப்ப நான் ஓரமா நிக்கறேன்.”

“நில்லுங்க.” ஒரு நகம் தெறித்துப் போய் விழுந்தது. “எதுக்குங்க அன்னிக்கு ஆமான்னு சொன்னீங்க?”

“கேட்டாரு. சொன்னேன்.”

“அறுபது பேருக்கு நான் தினமும் என்ன சொல்றேன்?”

லிஃப்ட்காரர் கதவுக் கொண்டியை மறுபடி கழற்றினார்.

பந்தய நாள். காலை ஐந்தே முக்கால். மைதானத்தில் இரண்டாயிரம் பேர் ஒரே இடத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் கயிற்றுக்கு வெளியே மனைவியின் பையோடு நின்றார். காலில் ஓட்டக் காலணி. எதற்கென்று தெரியாமலே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆறு மணிக்குத் தலைவர் கொடியசைக்க வேண்டும். தலைவரைக் காணோம்.

கைபேசி அடித்தது.

“ஐயா,” என்றது செயலாளரின் குரல், ஒரு டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போல. “உங்கள் எண் இங்கே ஒட்டியிருந்தது.”

“எங்க நிக்குது?”

“இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில்.”

“எத்தன பேர்?”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “ஏழு.”

பேரவையின் அங்கிகளும் பதக்கங்களும் நாலாவது மாடி அலமாரியில் இருந்தன. அவற்றை அணிந்து, ஒரு சிறு கூட்டமும் நடத்தி, எழுவரும் தீர்மானப்படி ஒன்றாக இறங்கியிருக்கிறார்கள். கதவு மூடுகிற நேரத்தில் துணைச் செயலாளர் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறார்.

லிஃப்ட்காரர் தொழில்காரர். மாட்டிக்கொண்டவர்களை விட்டுவிட்டு நிற்க அவருக்குத் தெரியாது. கட்டடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, பந்தயப் பாதையிலேயே இருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் ஒருமுறை, திரும்பும்போது பதினெட்டில் ஒருமுறை பந்தயம் அதைக் கடக்கும். சாலைகளை அடைத்துவிட்டார்கள். வண்டி போகாது.

“ஓடி வாருங்கள்” என்றார் செயலாளர்.

“எப்படிங்கய்யா? என் இடது முழங்கால் ஓய்வுல இருக்கே.”

எதிர்முனையில் கசமுச என்று பேச்சு. யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். கூட்டம் நாலாவது மாடியில்தானே நடக்க வேண்டும் என்று ஒரு குரல் கேட்டது. நாலாவது மாடியில் தொடங்கிய கூட்டத்தை இன்னும் நான் முடித்துவைக்கவில்லை, அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்றது தலைவரின் குரல். பதிவேடு யார் கையில்? என் கையில். முத்திரை? என் பையில், யாராவது முழங்கையை எடுத்தால் தேவலை.

“எழுத்துல வேணுங்கய்யா” என்றார் லிஃப்ட்காரர். “சிவப்புச் சட்டைக்காரங்க நிறுத்துவாங்க. கூட ஓடறவங்களையும் எடுத்துடுவாங்க.”

நாலு நிமிடத்தில் கைபேசிக்குப் படம் வந்தது. கடிதத் தாள். கோணலாக முத்திரை. ஏழு கையெழுத்து, ஒன்று மற்றவர் முதுகில் வைத்துப் போட்டது.

‘லிஃப்ட்காரரின் இடது முழங்கால் (எதிர்ப்பக்கப் பதிவு) பூரண நலமடைந்திருப்பதை இக்குழு நேரில் கண்டு மகிழ்கிறது. அவர் எண் இல்லாமலும், எவருடனும், பந்தயப் பாதையில் ஓடலாம். கூடியவரை வேகமாக.’

அதே சமயம் மைதானத்தில் எவனோ ஒருவனுடைய பலூன் வெடித்தது. இரண்டாயிரம் பேரும் அதையே தொடக்கமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மணி சரியாக ஆறு. பேரவையின் வரலாற்றில் பந்தயம் நேரத்துக்குத் தொடங்கியது அதுதான் முதல் தடவை.

லிஃப்ட்காரர் கயிற்றைத் தாண்டிக் குதித்தார். மூச்சு வாங்க மனைவியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

“என்னங்க இது?”

கைபேசியைக் காட்டினார். அவள் ஓடிக்கொண்டே படித்தாள். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் விசிலை வாயில் வைத்தார். முத்திரையைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டு விறைப்பாக நின்றார். மூன்று கிலோமீட்டர். லிஃப்ட்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தயப் பாதையில் முதல் தடவையாக இரண்டு ஜோடிக் காலணிகள் ஒரே தாளத்தில் விழுந்தன. கட்டடம் வந்ததும் அவர் பாதையை விட்டு விலகினார்.

“பதினெட்டுல” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

நாலு மாடி. அதற்கு மேல் மொட்டை மாடி மோட்டார் அறை. மொத்தம் நூற்றுப் பத்துப் படி. வலது முழங்கால் வாயே திறக்கவில்லை. ஓய்வில் இருந்த இடது முழங்காலும் ஒத்துழைத்தது. மின்சாரத்தை அணைத்தார். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். நாலு பேர் என்றால் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டியிருக்கும். ஏழு பேர் அங்கியும் பதக்கமுமாக, கனத்திலேயே இறங்கினார்கள்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. எழுவரும் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். அந்த நிலையிலும் தலைவர் தொண்டையைச் செருமினார். நெருக்கடியில் பேரவை காட்டிய நிதானத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். குண்டூசியிலிருந்து குழு மீண்ட வரலாற்றைச் சொன்னார். லிஃப்ட்காரர் பத்து தடவை வாசலை எட்டிப் பார்த்தார். கடைசியில் தலைவர் நன்றி கூறிக் கூட்டத்தை முறைப்படி முடித்துவைத்தார்.

அப்போதுதான் செயலாளர் விழித்துக்கொண்டார்.

“ஒரு நிமிஷம். அந்தத் தீர்மானம் லிஃப்ட் வரை வருவதற்குத்தான். வந்தாகிவிட்டது. இனி உங்கள் முழங்கால் பழையபடி ஓய்வுக்குப் போக வேண்டும். தவிர, படி வேறு ஏறியிருக்கிறீர்கள்.”

“ரத்து பண்ணிடுங்கய்யா” என்றார் லிஃப்ட்காரர் பணிவாக. “அதுக்குக் கூட்டம் போடணுமே.”

“இதோ.”

“நாலாவது மாடியில.”

எழுவரும் லிஃப்டின் பக்கம் திரும்பினார்கள். லிஃப்ட்காரர் கதவில் பழைய அட்டையைத் தொங்கவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆறு பேர் லிஃப்ட்ல ஏழு பேர் போயிருக்கீங்க. கம்பிய முழுசாப் பரிசோதிக்காம ஓட்டக் கூடாது. லிஃப்டுக்கும் ஓய்வு வேணுங்கய்யா.”

“எத்தனை நாள்?”

“எங்க தொழில்லயும் ஒரு படிவம் இருக்கு. எழுதிப் போட்டுப் பார்க்கறேன்.”

செயலாளர் படிக்கட்டைப் பார்த்தார். முதல் படியில் காலைத் தூக்கி வைக்கப் போனார். மற்ற ஆறு பேரும் அவருடைய முழங்காலையே பார்த்தார்கள். துணைச் செயலாளர் பேனாவைத் திறந்தார். செயலாளர் காலை இறக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஏழு நாற்காலிகள் வரிசையாக இழுத்துப் போடப்படும் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் சாலையோரம் வந்து நின்றார். உட்கார்ந்தார். எழுந்தார். மின்கம்பம் வரை நடந்துவிட்டுத் திரும்பினார். முதல் வரிசைக்காரர்கள் பறந்து போனார்கள். அலுவலகக்காரர்கள் போனார்கள். ஒரே நிறச் சட்டை போட்ட ஒரு வங்கிக் கூட்டம் புலம்பிக்கொண்டே போனது. அவளைக் காணவில்லை. எட்டு மணி தாண்டியது. எட்டு பத்து.

எட்டு இருபதுக்கு வளைவில் அந்தக் காலணிகள் தெரிந்தன. நடை சரியில்லை. வலது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் ஒரு பக்கமாக இறங்கியது. லிஃப்ட்காரருக்கு வாய் வரை வந்தது: தோளத் தளர்த்து. உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் சேர்ந்து ஓடினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, அவர் இருக்கிறாரா என்பதுபோல முழங்கையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

இருபது தப்படியில் தண்ணீர் மேஜை. மேஜைக்கு முன்னால் அட்டையும் பேனாவும் கனிவு முகமும்.

படிவக்காரர் சரியாக அவளுக்கு எதிரே வந்து நின்றார். “வலிக்குதாம்மா?”

அவள் முகம் வெளுத்திருந்தது. உதடு உலர்ந்திருந்தது. ஆனால் குரல் அறுபது பேரிடம் பேசும் குரல்தான், தேன் மாதிரி.

“வலிக்காது” என்றாள்.

“நொண்டறீங்களே. லேசா இருந்தாலும் பரவாயில்ல. எந்த முழங்கால்னு மட்டும் சொல்லுங்க, உங்க நல்லதுக்குத்தான்.”

“எனக்கு முழங்காலே கிடையாதுங்க. எழுதிக்குங்க.”

படிவக்காரர் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று படிவத்தைப் புரட்டினார். முதல் பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தில் தேடினார். அவர் நிமிர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை; அடுத்த வளைவுக்கு அப்பாலிருந்து இரண்டு ஜோடிக் காலணிகளின் சத்தம் மட்டும், ஒன்று கொஞ்சம் நொண்டியபடி, கேட்டுக்கொண்டிருந்தது.